புது பேட்டரியும் நாலு நாளில் இறங்குகிறது: எங்கே தேடுவது?

கேள்வி இதுதான். ஏழு வயதான சிறிய பெட்ரோல் கார், மேனுவல் கியர். தினமும் ஓட்டினால் எந்தத் தொந்தரவும் இல்லை. நாலு நாள் சேர்ந்தாற்போல் நிறுத்திவிட்டால் ஐந்தாம் நாள் காலை ‘டக் டக் டக்’ என்ற சத்தத்தோடு சரி. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்துப் புதியதும் அதே கதை. இப்போது டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இன்னும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. டைனமோ (ஆல்டர்னேட்டரைத்தான் பழைய பழக்கத்தில் எல்லாரும் இப்படிச் சொல்கிறோம்) சார்ஜ் செய்யாமல் போனால் வண்டி தினமும் ஓடினாலும் நிற்கும். ஓடும்போதே பேட்டரி விளக்கு எரியும், ஹெட்லைட் மங்கும், ஓரிரண்டு நாளில் ஏதாவது ஒரு சிக்னலில் அணைந்துவிடும். உங்கள் வண்டியில் நிலைமை நேர்மாறு. ஓடும்போது சுகம், நிற்கும்போது நோய். அப்படியென்றால் நிறுத்திய வண்டியில் ஏதோ ஒன்று உட்கார்ந்து கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு குடிக்கிறது என்பதைக்கூடக் கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் வண்டி அளவுக்கு 45 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைச் சுற்ற முடியாத அளவுக்கு இறங்க ஏறக்குறைய 30 ஆம்பியர்-மணி போயிருக்க வேண்டும். நாலு நாள் என்பது 96 மணி நேரம். வகுத்தால் 0.3 ஆம்பியர். ஒரு 5 வாட் பல்பு எடுப்பது 0.4 ஆம்பியர். ஆக, நீங்கள் தேடும் திருடன் ஒரு சிறிய பல்பின் அளவில் இருக்கிறான். கோளாறில்லாத கார் நிறுத்தியபின் எடுப்பது பொதுவாக 0.05 ஆம்பியருக்குள், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். அது நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணிதான். அந்த வேகத்தில் உங்கள் பேட்டரி பாதியாக இறங்கவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பேட்டரியை முழுதாகக் காலியாக்கி மறுபடி ஏற்றுவது ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் ஒரு துண்டைத் தின்கிறது. காலியாகக் கிடக்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டியாகிவிடும். நாள் ஆக ஆக அவை மறுபடி கரைவதில்லை. எனவே ஆறு மாதத்துப் பேட்டரி என்றாலும் உங்களுடையது இப்போது 45-க்குப் பதில் 30-தான் தாங்குகிறது என்றால் ஆச்சரியமில்லை. காரணத்தைப் பிடிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் மூன்றாவதும் இதே வழிதான் போகும்.

அடுத்த முறை அந்தச் சத்தம் வரும்போது கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். சத்தமே பாதி மெக்கானிக். வேகமாக ‘டகடகடக’ என்று அடித்து, டாஷ்போர்டு விளக்குகள் கூடவே மங்கி மங்கி எரிந்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு ‘டொக்’, விளக்குகள் பளிச்சென்று அப்படியே நின்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டார், அதன் சொலினாய்டு அல்லது அதற்குப் போகும் கனமான வயர் மேல் போகும். சத்தமே இல்லை, விளக்கெல்லாம் நன்றாக எரிகிறது என்றால் சாவி சுவிட்ச், ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்), கிளட்ச் பெடலில் உள்ள சுவிட்ச் என்று வேறு வரிசை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். டாஷ்போர்டில் சாவிப் படம் கண் சிமிட்டுகிறதா பாருங்கள், சிமிட்டினால் சாவியை வண்டி அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

இனி ஒரு மல்டிமீட்டர் வேண்டும். மிகச் சாதாரணமானது போதும். 10 ஆம்பியர் வரை டிசி அளக்கும் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

முதலில் ஓய்வில் இருக்கும் பேட்டரி. வண்டியை அணைத்துச் சில மணி நேரம் விடுங்கள், இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது. ஓடி வந்த உடனே அளந்தால் தகடுகளின் மேல்பரப்பில் மட்டும் தங்கிய சார்ஜ் 13 வோல்ட் வரை காட்டி ஏமாற்றும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம். 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்பங்கு. 11.8-க்குக் கீழே வந்துவிட்டால் காலி என்றே கொள்ளுங்கள். இதில் ஒரு விசேஷ எண் உண்டு. இரவு முழுக்கச் சார்ஜ் செய்த பிறகும் மறுநாள் 10.5 பக்கத்தில் நிற்கிறதா? பேட்டரிக்குள் இருப்பது ஏறக்குறைய 2.1 வோல்ட் கொண்ட ஆறு அறைகள். அவற்றில் ஒன்று உள்ளேயே ஷார்ட் ஆகிச் செத்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

நிறைந்த பேட்டரியாக இருந்தும் செல்ஃப் அடிக்கும் அந்தச் சில விநாடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதன் உள்பலம் போய்விட்டது. இதை இன்னொருவர் சாவியைத் திருப்ப நீங்கள் பார்க்கலாம். கடும் குளிரில் இந்த எண் கொஞ்சம் குறையும், அதற்கு விட்டுக்கொடுங்கள். பேட்டரி மேல் ‘சிசிஏ’ என்று அச்சடித்திருக்கும் ஆம்பியர் எண்கூட குளிர்க் கணக்குதான். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி அவ்வளவு ஆம்பியரைக் கொடுத்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். பேட்டரி பெரும்பாலும் குளிர்காலத்துக் காலையில் கைவிடும். ஆனால் அதைக் கொன்றது அதற்கு முந்தைய கோடையாகத்தான் இருக்கும். சூடு உள்ளேயிருந்து அரிக்கிறது, குளிர் அதை அம்பலமாக்குகிறது.

பிறகு எஞ்சின் ஓடும்போது. பேட்டரியின் இரு முனைகளில் 13.8 முதல் 14.7 வரை காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. ஹெட்லைட், ஏசி ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து மறுபடி பாருங்கள். 13.5 பக்கத்தில் நின்றால் போதும். 13-க்குக் கீழே போனால் சந்தேகிக்கலாம். 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் பழுது. அப்போது பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருள் மிச்சம் பிடிக்கக் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அங்கே 12.7 என்று பார்த்துப் பதறிவிடாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்பது வண்டியின் கையேட்டில் தெரியும்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்து, ‘வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லாயிருக்கு’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட காலத்து வண்டியில் கம்ப்யூட்டர் இல்லை. இன்றைய காரில் பேட்டரிதான் மின்னழுத்தத் துள்ளலைத் தாங்கும் மெத்தை. அதை உருவினால் ஒரு கணத்தில் பல மடங்கு வோல்ட் எகிறி எஞ்சின் கம்ப்யூட்டரையே பதம் பார்க்கும். யார் சொன்னாலும் செய்யவிடாதீர்கள்.

சரி, திருடனிடம் வருவோம். உங்கள் விஷயத்தில் பெரும்பகுதி வேலை இங்கேதான்.

மீட்டரைத் தொடுமுன் கைபேசியை எடுங்கள். வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடித் திறந்து பாருங்கள். டாஷ்போர்டு பெட்டிக்குள்ளும் அப்படியே. மூடிய பிறகும் விளக்கு எரிகிறதா என்று மனிதக் கண்ணால் பார்க்க முடியாது. ஃபிரிட்ஜ் விளக்கு பற்றிய பழைய சந்தேகம் மாதிரிதான். 0.3, 0.4 ஆம்பியர் கசிவில் இந்த விளக்குகளே குற்றவாளி என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில நாள் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அங்கே இல்லையென்றால் கசிவை அளக்க வேண்டும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள். ஃபியூஸ் பெட்டி ஓட்டுநர் பக்கம் இருந்தால் அந்தக் கதவையும் திறந்துவைத்து, கதவுப் பூட்டின் கொக்கியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நம்ப வேண்டும். கடைசியில் அதே கொக்கியைக் கைப்பிடியை இழுத்து விடுவித்த பிறகே கதவை மூடவேண்டும், இல்லாவிட்டால் கொக்கி உடையும். சாவியை எடுத்துத் தூரமாக வைத்துவிடுங்கள். சில வண்டிகள் சாவி பக்கத்தில் இருந்தாலே தூங்காது. மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் கழற்றிய நெகடிவ் வயருக்கும் நடுவே மீட்டரைப் பாலமாக வையுங்கள். வயரை முனையிலிருந்து முழுதாக எடுப்பதற்கு முன்பே மீட்டர் ஊசிகளை இரண்டு பக்கமும் தொடவைத்துவிட்டால் இணைப்பு அறுபடாது, தூங்கப் போன கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளாது.

முதலில் பெரிய எண் வரும், பயப்படாதீர்கள். வண்டிக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக 20 முதல் 40 நிமிடம் ஆகும், சிலவற்றில் ஒரு மணி நேரம்கூட. அது வரை எதையும் தொடாதீர்கள். தொட்டால் என்ன ஆகும் என்பது எனக்குச் சொந்த அனுபவம். மீட்டரை மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிவிட்டேன். இறங்கி வந்து பார்த்தால் மீட்டரில் 0.00. கசிவே இல்லை என்று சந்தோஷமாக வயரை மாட்டிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் வண்டி மறுபடி செத்துக் கிடந்தது. மீட்டருக்குள் இருந்த ஃபியூஸ் அன்றே எரிந்துவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு வாரம் ஆனது. எந்தக் காரும் சுத்தமாகப் பூஜ்யம் காட்டாது. காட்டினால் மீட்டரைச் சந்தேகியுங்கள்.

அடங்கிய பிறகு 0.05-க்குள் இருந்தால் கசிவு இல்லை. உங்களுக்கு 0.2 அல்லது 0.3 வரும் என்பது என் ஊகம். வந்தால் எந்தப் பாதையில் போகிறது என்று பிரிக்க வேண்டும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறது என்று பார்ப்பது எல்லாரும் செய்வது. ஆனால் பிடுங்கிய ஃபியூஸை மறுபடி செருகும்போது அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு எண்ணைக் குழப்பும். எனவே ஆராய்ச்சி முடியும்வரை பிடுங்கியதைத் திரும்பச் செருகாதீர்கள். அதைவிட எனக்குப் பிடித்த வழி, ஃபியூஸைப் பிடுங்காமலே அதன் தலையில் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் அளப்பது. கரண்ட் ஓடாத ஃபியூஸ் பூஜ்யம் காட்டும். ஒரு ஃபியூஸில் ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் சில பங்கு தெரிந்தால்கூட அதன் வழியே ஏதோ ஓடுகிறது. இதில் எதுவும் விழிக்காது, எதுவும் அறுபடாது.

பாதை தெரிந்துவிட்டால் ஆள் தெரிந்த மாதிரிதான். பின்னால் வாங்கிப் பொருத்தியவற்றை முதலில் சந்தேகியுங்கள். மியூசிக் சிஸ்டம், ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம், டிராக்கர், அலாரம். மியூசிக் சிஸ்டத்தில் நினைவாற்றலுக்கு எப்போதும் கரண்ட் வாங்கும் மஞ்சள் வயர் ஒன்று, சாவியோடு வேலை செய்யும் சிவப்பு வயர் ஒன்று என்பது வழக்கம். அவசரத்தில் பொருத்துபவர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் பாட்டு பாடும், கூடவே பேட்டரியும் கரையும். உங்கள் பழைய பேட்டரி சாவதற்குச் சற்று முன்பு வண்டியில் ஏதாவது புதிதாகப் பொருத்தினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் ரிலேக்கள். ஒட்டிக்கொண்ட ரிலே, நிறுத்தி ஒரு மணி நேரம் ஆன வண்டியிலும் விரலுக்கு வெதுவெதுப்பாக இருக்கும்.

எந்த ஃபியூஸிலும் ஒன்றும் தெரியவில்லை, கசிவு மட்டும் நிற்கவில்லை என்றால் அப்போது டைனமோவைப் பாருங்கள். மெக்கானிக் சொன்னது முழுத் தவறில்லை என்பதற்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. டைனமோவுக்குள் இருக்கும் டயோடுகள் ஒருவழிக் கதவுகள். ஒன்று பழுதானால் பகலில் ஓரளவு சார்ஜ் செய்யும், இரவில் அதே வழியாகத் திரும்ப உறிஞ்சும். நெகடிவைக் கழற்றி, டைனமோவுக்குப் போகும் தடித்த வயரை எடுத்து, அதன் முனை எதிலும் படாமல் டேப் சுற்றி, மறுபடி மீட்டர் வழியாக இணைத்துப் பாருங்கள். கசிவு நின்றால் டைனமோதான். எஞ்சினை ஓட்டிப் பார்க்குமுன் மீட்டரை எடுத்துவிட்டு, அந்த வயரையும் கடைசியில் நெகடிவையும் திரும்ப மாட்டிவிடுங்கள். அதன் பிறகு, எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் பார்த்தால் இன்னொரு சாட்சியும் கிடைக்கும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு சரியில்லை. இந்தச் சோதனைகளுக்கு முன் டைனமோ வாங்குவது சீட்டெடுப்பது மாதிரி.

உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா தெரியாது என்றாலும் எர்த் வயரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் காரின் விநோதமான மின்கோளாறுகளில் கணிசமானவை அங்கேதான் முடிகின்றன. பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் திரும்பி வரும் வழி உடம்பின் தகரமும் எஞ்சினும்தான். அவற்றைச் சேர்க்கும் பட்டையில் துரு ஏறினால் இண்டிகேட்டர் போடும்போது ஹெட்லைட் துடிக்கும், பிரேக்கை மிதித்தால் பெட்ரோல் முள் ஆடும், செல்ஃப் சோம்பேறித்தனமாகச் சுற்றும். பேட்டரியின் நெகடிவ் முனையில் ஒரு ஊசி, எஞ்சின் உலோகத்தில் ஒரு ஊசி. செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூஞ்சையைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவிவிடலாம்.

இதற்கிடையே ஒரு காலை வண்டி எடுக்காவிட்டால் இன்னொரு காரிலிருந்து ஜம்ப் கொடுத்துக்கொள்ளலாம். சிவப்பு வயரை முதலில் உங்கள் பேட்டரியின் பாசிடிவில் மாட்டி, மறுமுனையை மற்றதன் பாசிடிவில் மாட்டுங்கள். கறுப்பு வயரை அந்தக் காரின் நெகடிவில் மாட்டி, கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் கடியுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும், இரண்டும் சந்திக்கக் கூடாது. மற்ற காரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு உங்களுடையதை அடியுங்கள். கழற்றும்போது தலைகீழ் வரிசை. பேட்டரி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ உறைந்திருந்தாலோ கிட்டவே போகாதீர்கள். மேனுவல் கியர் என்பதால் தள்ளியும் எடுக்கலாம், ஆனால் சுத்தமாகக் காலியான பேட்டரியில் பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் விழிக்காது. ஆள் பலம்தான் வீணாகும்.

எடுத்த பிறகு அரை மணி நேரம் சுற்றிவந்தால் நிறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஈயப் பேட்டரி முதல் பாதியை வேகமாக வாங்கும், கடைசி இருபது சதவீதத்துக்கு மணிக்கணக்கில் இழுக்கும். 4 அல்லது 5 ஆம்பியர் சார்ஜரில் இரவு முழுக்கப் போடுவதே சரி. மேலே மூடி இருக்கும் வகை என்றால் தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். உள்ளிருந்து ஆவியாகிப் போனது தண்ணீர்தான்.

கசிவைச் சரிசெய்து முழு சார்ஜும் ஏற்றிய பிறகு, நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு மூன்று நாள் சும்மா விட்டுப் பாருங்கள். 12.5-க்கு மேல் நின்றால் பேட்டரி இன்னும் பிழைத்திருக்கிறது. கழற்றி வைத்தும் இறங்கினால் பேட்டரிக்கே உள்ளே கசிவு. ஆறு மாதம்தான் ஆகிறது என்பதால் வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போகலாம். அளந்த எண்களைத் தேதி போட்டு எழுதிவைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். மாற்ற நேர்ந்தால் பழையதன் வகையையே வாங்குங்கள். சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டி என்றால் அதற்கென்றே கூடுதல் பலத்தோடு செய்த ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைப் பேட்டரிதான் போட வேண்டும், சாதாரணப் பேட்டரி அந்த வேலைக்குத் தாங்காது.

கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். திரும்ப மாட்டியதும் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருக்கும், ரேடியோ ரகசிய எண் கேட்கலாம், ஒரே தொடுதலில் ஏறும் ஜன்னல் பாதியில் நிற்கலாம், எஞ்சின் சும்மா நிற்கும்போது சில கிலோமீட்டர் வரை கொஞ்சம் மேலும் கீழும் ஓடலாம். புதுக் கோளாறு வந்துவிட்டது என்று பயந்து மறுபடி எதையும் கழற்ற வேண்டாம். ஜன்னலை முழுக்க ஏற்றி பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான வண்டிகளில் அது பழைய பாடத்தைத் திரும்பப் படித்துக்கொள்ளும், எஞ்சினும் தானாக அடங்கிவிடும்.